ஒரே தடவை கேட்டுவிட்டுப் போனவர்

க்ளென்பெக், மேயோ
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஃபீக்ராவுக்கு,

இங்கே நானும் உன் தங்கை நெஸாவும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம்தான், அவருடைய இடது முழங்காலைக் கேட்டால் மட்டும் அது வேறு கதை சொல்லும். ஆட்டத்தில் அடிபட்ட உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது, அதை முதலில் எழுது. அங்கே குளிர் தாங்கவில்லை என்றாயாம், மெல்போர்ன் குளிரையெல்லாம் குளிர் என்று சொல்கிற ஆளாகிவிட்டாய், இருக்கட்டும். இங்கே ஒரு வாரமாக மழை இல்லை, அதனால் ஊரே தலைகால் புரியாமல் புல் வெட்டிக்கொண்டிருக்கிறது, நம் ஆற்றோர வயல் புல்லையும் வெட்டி, மாட்டுத் தீவனத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி அடுக்கியாகிவிட்டது. செவலைப் பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது. நெஸா ஒருவழியாகக் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், வாங்கிய அன்றைக்கே நம் கேட் தூணில் இடித்தும்விட்டாள், தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை, காரைப் பற்றி அப்பாவிடம் கேட்காதே.

ஃபோனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் வந்தால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், பேசவும் மாட்டார், நகரவும் மாட்டார். இது அவரைப் பற்றிய விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். நீ நெஸாவிடம் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. "அப்பாவுக்கு நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான், ரஸ்ஸல் கிட்டயே சொல்லிட்டாராம், அப்புறம் எதுக்கு வரணும், மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்" என்றாயாமே. உங்கள் மெல்போர்ன் கிளப்புக்கு ஆள் தேடுகிற ரஸ்ஸல் உன்னிடம் பொய் சொல்லவில்லை, நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு நம் சமையலறையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

போன மாதம் அவர் பக்கத்து ஊரில் இரண்டு பையன்களின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர், உன்னைப் பெற்றவர்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். டீ சாப்பிடுகிறீர்களா என்றேன், வேண்டாம் என்றார். வந்தவர்கள் வேண்டாம் என்றுதானே ஆரம்பிப்பார்கள், மறுபடி கேட்டேன், மறுபடியும் வேண்டாம் என்றார், மரியாதை தெரிந்தவர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே ஊற்றி வைத்துவிட்டேன், ரொட்டியும் ஹாமும் வைத்தேன். பாவம், கஷாயம் குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பாதிவரை குடித்தார். அவருக்கு டீயே பிடிக்காதாம், அதைப் பிறகுதான் கிளம்பும்போது சொன்னார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தமாகிற ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று அப்போதே எனக்கு உறைத்திருந்தால் தேவலை, ஆனால் அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் ரஸ்ஸல் உன் அப்பாவை நேராகப் பார்த்துக் கேட்டார். "உங்க பையனோட ஒப்பந்தம் இந்த சீசனோட முடியுது, நாங்க இன்னும் மூணு வருஷம் தரத் தயாரா இருக்கோம், ஆனா அப்பா என்ன சொல்றாரோ அதுதான்னு அவன் சொல்லிட்டான். உங்களுக்கு அவன் வீட்டுக்கு வரணும்னு இருந்தா சொல்லுங்க, நாங்க மனசார அனுப்பிடுறோம்" என்றார். இவ்வளவு தெளிவாக யாரும் இந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை. உன் அப்பா, "அட, அதெல்லாம் வேண்டாங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம், எங்களுக்காக நீங்க ஏன் சிரமப்படணும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது தடவை கேட்பார் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன், ஒருவர் மறுபடி கேட்கப் போகும்போது குறுக்கே பேசலாமா. ரஸ்ஸலோ, "ரொம்ப நல்லது, நன்றி" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மாடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கார் கேட்டைத் தாண்டிப் போன பிறகும் உன் அப்பா வாசலிலேயே நின்றார். "ஒரே ஒரு தடவைதான் கேட்டான் நோரீன், கேட்டுட்டுப் போயே போயிட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

நீயும் இந்த வீட்டில் வளர்ந்தவன்தான், உனக்கு இது தெரியாததில்லை. ஆனால் உன்னிடம் வந்து சேர்ந்தது பதில் மட்டும்தான், எத்தனை தடவை கேட்டார்கள் என்பது வரவில்லை. அதனால் உன்மேல் தப்பில்லை.

பாஸ்கலும் வந்துவிட்டுப் போனார். நம் ஊர் ஃபுட்பால் டீமுக்கு ஆள் பொறுக்குகிற பொறுப்பு இந்த வருஷமும் அவர் தலையில்தான். வந்தவர் மழை, புல், கன்று விலை எல்லாம் பேசி முடித்து, கதவில் கை வைத்த பிறகுதான், "அப்புறம், பையன் ஏதாவது சொன்னானா?" என்றார். "எந்தப் பையன்?" என்றேன் வேண்டுமென்றே. "எனக்கு எத்தனை பையனைத் தெரியும், போங்க நீங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இங்கே ஆடினால் ஒரு காசு கிடையாது, ஜெர்சியைக்கூட நாமே துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும், நான் அதை மறைத்துப் பேசப் போவதில்லை. நீ அங்கே அந்த முட்டை வடிவப் பந்தைப் பிடிக்க இன்னொருத்தன் முதுகில் ஏறிக் குதித்ததை டிவியில் பார்த்தேன், இறங்கும்போது சிரித்தாய். அந்தச் சிரிப்பு உனக்கு அங்கே கிடைக்கிறதென்றால் தாராளமாக இரு. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது, அது எப்போதும் இருக்கிறதுதான், அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அப்பாவுக்கு நீ வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு மட்டும் கையெழுத்துப் போடாதே, அது பொய்க்குப் போடுகிற கையெழுத்து.

நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே அவரிடம் கேட்டேன், அவன் வர வேண்டும் என்று உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று. "எனக்கென்ன, அவன் இஷ்டம்" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. பாத்திரம் கழுவினேன், துடைத்தேன், அடுக்கினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, நான் கேட்பேன் கேட்பேன் என்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியும். கடைசியில் யாரும் கேட்காமலேயே அவராகச் சொன்னார். "டிவியில பந்து எங்க போகுதோ அதைத்தான் காட்டுறான் நோரீன். நம்ம பையன் மத்த நேரமெல்லாம் எங்க நிக்கிறான், என்ன பண்றான், ஒண்ணும் தெரியல. இங்கன்னா வேலியோரம் நின்னு அவனை மட்டும் பாத்துக்கிட்டிருப்பேன்" என்றார். கல்யாணமான நாளாக அவர் தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதையெல்லாம் அவனுக்கு எழுதிடாதே" என்றார். ஒரு தடவைதான் சொன்னார், அதனால் எழுதிவிட்டேன்.

புனித பிரிஜித் உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், தோள் சீக்கிரம் சரியாகட்டும், நீ எந்த ஊரில் ஆடினாலும் எங்கள் ஆசீர்வாதம் உண்டு. பூசைக்குப் போ, போகாவிட்டால் போனேன் என்று பொய் சொல்லாதே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அப்பாவுக்கு ஃபோன் செய், இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நீயாகவே கேள், நான் வரட்டுமா என்று. வேண்டாம் என்பார். ஃபோனை வைத்துவிடாதே.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
நோரீன்