வியாழன் ஆணி

மாப்ளே,

இன்று நாலு மணிக்கு என் வீட்டுக்குள் பஸ் ஹார்ன் அடித்தது. மேசையிலிருந்த டீ தம்ளர் துள்ளியது. சுவரிலிருந்த பல்லிகள் குடும்பத்தோடு ஜில்லாவை விட்டே வெளியேறின. என்னைப் பார்க்க வந்திருந்த தங்கை மகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் மாமா, ஊட்டுக்குள்ள பஸ்ஸு உட்டிருக்கறீங்களா?" என்றாள்.

அடித்தது கம்ப்யூட்டர். அந்த லினக்ஸ் பெட்டி தினமும் நாலு மணிக்கு என் கோப்புகளைத் தனியாக வைத்திருக்கும் ஒரு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். டிஸ்க் கிடைக்காவிட்டால் ஹார்ன் அடிக்க வேண்டும். அப்படி உத்தரவு போட்டவன் சாட்சாத் நானே. காலையில் விசிறி போடுவதற்காக டிஸ்க்கின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தவனும் நானே. விழுந்தடித்து ஓடிப்போய்ச் சொருகினேன். ஓடும்போதுதான் உன் ஞாபகம். அந்த ஹார்னுக்கு நான் முதன்முதலில் ஓடியது உன்னால்தானே?

வருஷம் எழுபத்தைந்தோ, எழுபத்தாறோ. கேரள எல்லையில் மீனாட்சிபுரத்துக் கடைவீதியில் நீ தையல்கடை வைத்திருந்தாய். நான் கடைமடையின் சக்கரவர்த்தி: மூன்று ஏக்கர் நிலக்கடலை, ஒரு ஜோடி மாடு, இந்திரனுக்கே கடன் கொடுக்கலாம் போன்ற மீசை. வாய்க்காலுக்கும் பஸ்ஸுக்கும் கடைசி எங்கள் ஊர்தான். வாரத்தில் ஆறு நாள் அந்த வாய்க்கால் தண்ணீர் என் காட்டைத் தாண்டி எங்கள் ஊரின் அக்கரைக் காடுகளுக்குப் போகும். வியாழன் மட்டும் எங்கள் முறை. அந்த வியாழனில்தான் மேல்மடைக்காரர்கள் பலகை போட்டு அடைத்துவிடுவார்கள். கேட்டால், "வாய்க்கான்னா ஒரு நா வரும், ஒரு நா வராதுங்க" என்பார்கள். விதைத்த கடலை மழையில் முளைத்திருந்த சமயம். அது காய்ந்தால் பொள்ளாச்சி மில்லுக்கு வேலைக்குப் போவதென்று என் வீட்டுக்காரி டிரங்குப் பெட்டியைக் கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

"மனு எழுதினாப் பத்தாது மச்சா. தெனமும் மடைக்கல்லுல எத்தன விரல் தண்ணின்னு எழுதி வெய்யி. கார்பன் வெச்சு எழுது. ஒண்ணு உன்ற கிட்ட, ஒண்ணு என்ற கிட்ட" என்றாய்.

எழுதினேன். மூன்று நாள். நாலாம் நாள் கார்பன் காகிதத்தை மறந்தேன், ஐந்தாம் நாள் உன்னையே மறந்தேன். நீ திட்டவில்லை. வெட்டுத்துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாய். அதில் நகலைப் போட்டு பஸ் திரும்பும் புளியமரத்துக் கிளையில் நான் மாட்ட வேண்டும். நாலு மணி பஸ்ஸின் கண்டக்டர் எடுத்துப்போய் உன் கடையில் போடுவார். அதோடு விட்டாயா? பை தொங்காவிட்டால் நான் வரும்வரை ஹார்ன் அடிக்கச் சொல்லி அந்த மனுஷனுக்கு இரண்டு சட்டை சும்மா தைத்துக் கொடுத்திருக்கிறாய், பாவி!

அந்த ஹார்ன் ஆனைமலையில் மோதித் திரும்பி வரும். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பஸ்ஸே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டும்.

"ஏனுங்கோ, பையக் காணமுங்க! இன்னிக்குக் கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சலுங்களா?" என்பார் கண்டக்டர்.

"தண்ணிதான் வரமாட்டீங்குது, ஆளாச்சும் வெரசா வரட்டும்!" என்பாள் கூடைக்காரி.

நீயோ நிதானமாகச் சொன்னாய்: "உன்ற ஞாபகத்த நம்பாத மச்சா. பஸ்ஸ நம்பு."

உன் கடைச் சுவரில் ஒரு பலகை, அதில் ஏழு ஆணி. ஒவ்வொன்றுக்கும் மேலே தையல் சாக்கட்டியால் கிழமை. திங்கள் தாள் திங்கள் ஆணியில், செவ்வாய் தாள் செவ்வாயில். ஒரு தடவை கார்பனைத் தலைகீழாக வைத்து ஒரு வாரம் வெறும் தாளையே அனுப்பிக்கொண்டிருந்தேன். பையில் உன் பதில் வந்தது: "மச்சா, வாய்க்காலோட சேந்து பென்சிலும் வத்திப்போச்சா? அனுப்பினா ஆச்சா, பிரிச்சுப் பாக்கோணுமல்லோ?"

மூன்று மாதம் இப்படிப் போனபின், என் மனுவைப் படித்த பாசன எஞ்சினீயர் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. எனக்கு வந்த தகவல் மேல்மடைக்கும் போகாதா? முந்தின நாள் வியாழன் காலை, தண்ணீர் வந்தது பார், சமுத்திரம் வழிதவறி வந்ததுபோல! மூன்று மாதமாக எந்த வியாழனிலும் பார்க்காத தண்ணீர். நான் என்ன செய்தேன்? சிந்தித்தேனா? குதித்தேன். நோட்டு இடுப்பில் இருந்தது.

காப்பியிங் பென்சில் எழுத்து தண்ணீர் பட்டால் என்னாகும் என்று உனக்குத் தெரியும். மூன்று மாதத் தண்ணீர்க் கணக்கைத் தண்ணீரே கழுவிக்கொண்டு போயிற்று. வாய்க்கால் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. அது பாரதப்புழையில் கலந்து அரபிக்கடலையே ஒரு வாரம் ஊதாவாக்கியதாக இன்றும் மீனவர்கள் சொல்வார்கள், நான் கேட்டால். அன்று சாயங்காலம் எழுத வார்த்தை இல்லாமல், அந்த ஈர நோட்டையே பையில் போட்டு மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எஞ்சினீயர் வந்தார். வாய்க்காலைப் பார்த்தார். "வெள்ளம் உண்டல்லோ! பின்னே எந்தா பராதி?" தண்ணீர்தான் இருக்கிறதே, பிறகென்ன புகார் என்கிறார்.

மேல்மடைப் பெரியவர் பவ்யமாகச் சொன்னார்: "நேத்துக்கூட இவரு மொதலையாட்டம் நீச்சலடிச்சாருங்க சார்."

ஊரே சிரித்தது. என் மீசை என்னை விட்டுவிட்டு வேறு முகம் தேடியது. எஞ்சினீயர் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார். வீட்டுக்காரி தூரத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்; அவள் சிரிக்கவில்லை.

அப்போது ஹார்ன்! புளியமரத்தில் பை இல்லை என்று பஸ் அலறிக்கொண்டே வந்து ஜீப்புக்குக் குறுக்கே நின்றது. படியில் நீ, என் ஈர நோட்டைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டு வந்தவன். கழுத்தில் அளவு நாடா. தோளில் ஏழு ஆணிப் பலகை, சப்பரம் சுமந்து வருகிறவன் போல. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் வியாழன் ஆணியிலிருந்து தாள்களை உருவி எஞ்சினீயர் கையில் கொடுத்தாய்.

அவர் ஒன்றைப் புரட்டினார்: தண்ணீர் இல்லை. அடுத்தது: இல்லை. அடுத்தது: இல்லை. புதன் ஆணியைக் கேட்டார்: நாலு விரல், ஐந்து விரல், நாலு விரல். வெள்ளி ஆணி: ஐந்து, ஐந்து, ஆறு. என் நோட்டு இருந்திருந்தாலும் தேதி வாரியாகப் புரட்டி அவர் தூங்கியிருப்பார். உன் ஆணி ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

எஞ்சினீயர் மேல்மடைப் பெரியவர் பக்கம் திரும்பினார். "அது ஸெரி. வியாழாழ்ச்ச மாத்ரம் வெள்ளத்தினு லீவோ?"

அடுத்த வாரமே மேல்மடைக்குப் பூட்டு வந்தது. அடுத்த வியாழன் தண்ணீரும் வந்தது. டிரங்குப் பெட்டியில் விதைக்கடலை போட்டு வைத்தாள் வீட்டுக்காரி. கடலை ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. உரிக்க அரிவாள் தேவைப்பட்டது. நீ ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, "நோட்டோட குதிச்ச ஒரே வெவசாயி நீதான் மச்சா" என்றாய். சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தாய்.

நீ போனபின் உன் மகள் அந்தப் பலகையை என்னிடம் கொடுத்துவிட்டாள். மேல்மடைக்குப் பூட்டு வந்த நாள் முதல் நான் விடாமல் எழுதிவந்த தண்ணீர்க் குறிப்பையும், உன் ஆணித் தாள்களையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். எழுபத்தாறு வயதில் லினக்ஸ் கற்ற மாமேதையை நீ பார்க்காமல் போய்விட்டாயே! ஆர்சிங்க் என்றொரு ஆள். மாறிய கோப்பை மட்டும் எடுத்துப்போவான். கிரான் என்றொரு கண்டக்டர். மழையானாலும் பந்த் ஆனாலும் நாலு மணிக்கு வருவான். டிஸ்க்கில் ஏழு கோப்புறை, கிழமைக்கு ஒன்று. நேற்று நான் ஏதாவது கோப்பைக் கெடுத்திருந்தாலும் முந்தாநாள் ஆணியில் நல்லது தொங்கும்.

முதல் இரண்டு வாரம் அது எதை நகலெடுத்தது தெரியுமா? ஒரு காலிக் கோப்புறையை. பாதையைத் தப்பாக எழுதியிருந்தேன். "வெற்றி, வெற்றி" என்று தினமும் சேதி வேறு. பிரிச்சுப் பாக்கோணுமல்லோ என்ற உன் குரல் கேட்டுத்தான் பிரித்துப் பார்த்தேன். பாதையைத் திருத்தினேன். அதிலிருந்து வாரம் ஒரு தடவை ஒரு கோப்பை நகலிலிருந்து எடுத்துத் திறந்து படிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இன்று வியாழன். பிளக்கைச் சொருகியதும் ஹார்ன் நின்றது. கிரான் எடுக்காமல் விட்ட நகலை நானே எடுக்க வைத்தேன். பிறகு வியாழன் கோப்புறையைத் திறந்தேன். மேலே உன் முதல் தாள்: தண்ணீர் இல்லை. கீழே காலையில் நான் மடைக்கல்லில் பார்த்து எழுதியது.

ஆறு விரல், மாப்ளே.