ஒரே சதவீதம்

நோர்வூட்
10.08.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். மூன்று நாளாக அவளுக்கு இழுப்பு. டிக்கோயா ஆஸ்பத்திரியில் நெபுலைசர் பிடித்துவிட்டு, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தோம். தூங்கும்போதும் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா சுகம். முட்டி வலி மட்டும் இந்த மழைக்குக் குறையவில்லை. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே?

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பனி சம்பள உயர்வுக்கென்று ஒரு மொத்தத் தொகையை ஒதுக்கி, கெப்டன்மாருக்கு எவ்வளவு, துணை விமானிகளுக்கு எவ்வளவு என்பதை விமானிகள் சங்கமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டதாம். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் நீங்கள் இருக்கிறீர்களாம். எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்பது உங்கள் யோசனையாம். இதெல்லாம் அங்கேயே துணை விமானியாக இருக்கிற உங்கள் மாப்பிள்ளை துஷாந்த் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரே சதவீதம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. பெரிய பாத்திரக்காரருக்குப் பெரிய கரண்டி, சின்னப் பாத்திரக்காரருக்குச் சின்னக் கரண்டி. இரண்டு கரண்டியையும் நிரப்பியாயிற்று, நியாயம் முடிந்தது. கொட்டுகிற மழையில் இறங்கி, டயரையும் சிறகையும் டோர்ச் அடித்துச் சுற்றிப் பார்ப்பவர் துணை விமானி. மேலே உட்கார்ந்து கோப்பி குடிப்பவர் கெப்டன். ஆனால் இரண்டு பேரும் ஒரே கதவால் ஏறி, ஒரே ஆகாயத்தில் போகிறீர்கள். விழுந்தால், தோளில் நாலு கோடு போட்டவருக்கு மட்டும் கீழே தனியாகப் பாய் விரித்திருக்கிறார்களா?

பழைய தோட்டத்துக் கங்காணிமார் வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய கதை உங்களுக்குத் தெரியும். அவர்களும் அதை நியாயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பயப்படாமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை கீழே உள்ளவர்களுக்குக் கூடுதல் பங்கு வராவிட்டால் துஷாந்த் கல்ஃப் போய்விடுவார். விண்ணப்பம் போட்டாயிற்று. விமானம் ஓட்டப் படிக்க எடுத்த கடனை அடைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போது நீர்கொழும்பிலிருந்து மாதத்துக்கு மூன்று தடவையாவது வருகிறார். அங்கே போனால் வருசத்துக்கு ஒரு தடவை. இழுப்புக்காரக் குழந்தையோடு நான் எந்த ராத்திரியில் யாரை எழுப்புவது? கீழே உள்ளவர்களுக்கு இரட்டைப் பங்கு என்று ஒரு திட்டம் இருக்கிறதாமே, அதற்குப் பேசுங்கள் அண்ணா. நீங்கள் சொன்னால் மற்றக் கெப்டன்மாரும் கேட்பார்கள்.

அன்புத் தங்கை,
சர்மிளா


வத்தளை
17.08.2025

அன்புத் தங்கச்சி சர்மிளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு உன் அண்ணி ஜீவராணி இரண்டு கம்பளிச் சட்டை அனுப்புகிறாள். பனியில் வெளியே கொண்டு திரியாதே.

பேராதனையில் உனக்குப் பொருளியல் படிப்பித்தவர்கள் விமானம் ஓட்டப் படிப்பிக்கவில்லை என்று உன் கடிதத்தில் நன்றாகத் தெரிகிறது. கோப்பி குடிப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. போன மாதம் இறங்குகிற நேரம் இடது எஞ்சினுக்குள் பறவை புகுந்தது. பக்கத்திலிருந்த துணை விமானி என் முகத்தைப் பார்த்தான். நான் பார்ப்பதற்கு அங்கே யாருடைய முகமும் இல்லை. அந்த வித்தியாசத்துக்குத்தான் சம்பளம்.

இன்னொன்று. இந்த வருசம் மட்டும் நாலு கெப்டன்மார் வெளிநாடு போய்விட்டார்கள். எட்டு விமானம் வைத்திருக்கிற சின்னக் கம்பனி இது. இன்னும் இரண்டு பேர் போனால் இரண்டு விமானம் தரையில் நிற்கும். அப்போது மாப்பிள்ளையின் சம்பளத்தை எவ்வளவு ஏற்றினாலும் அவர் வீட்டில் உட்கார்ந்துதான் அதை எண்ண வேண்டும்.

எல்லாருக்கும் சமம் என்பதை நாம் வீட்டிலேயே பார்த்தோம். அம்மா முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தார். கடைசி நாளில் அவர் வாங்கிய நாட்சம்பளமும், அன்றைக்குப் புதிதாகப் பேர் பதிந்த பிள்ளையின் நாட்சம்பளமும் ஒன்று. அனுபவத்துக்கு ஒரு சதம் இல்லை. அந்தச் சமத்துவத்தால் லாபம் அடைந்தது தோட்டத்துரை மட்டும்தான். அதைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் கொண்டுவரச் சொல்கிறாய்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை, அதுதான் குறை. நான் பதினோரு வருசம் துணை விமானியாக வலது பக்கச் சீட்டில் இருந்தேன். யாருடைய தங்கச்சியும் எனக்காகக் கடிதம் எழுதவில்லை.

கங்காணி என்று எழுதியிருந்தாய். உன்னைப் படிக்க வைத்தது இந்தக் கங்காணிதான். நான் அதையெல்லாம் சொல்லிக்காட்டுவதில்லை.

அன்புடன்,
யோகேஸ்வரன்


நோர்வூட்
24.08.2025

அண்ணனுக்கு,

சொல்லிக்காட்டுவதில்லை என்று எழுதி, அதற்கு முந்திய வரியிலேயே சொல்லிக்காட்டியதற்கு நன்றி. கம்பளிச் சட்டை வந்தது. பாப்பாவுக்கு இழுப்பு கொஞ்சம் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா உங்கள் பக்கம். சந்தோசப்படுங்கள். "அவன் சொல்றது நெசந்தானே. எனக்கு ஒரு பத்து ரூவா கூடக் குடுத்திருந்தா என்னவாம்?" என்றார். நம் அம்மா மீனம்மாவிடம் மகன் வென்றுவிட்டார். ஆனால் அம்மா அந்தப் பத்து ரூபாயைத் தோட்டத்திடம் கேட்டார். பக்கத்தில் நின்ற புதுப்பிள்ளையின் பங்கில் கேட்கவில்லை. கம்பனி உங்களுக்குக் கொடுத்தது அளந்து வைத்த ஒரு தொகை. அதில் நீங்கள் கூடுதலாக எடுப்பது யாரோ ஒருவர் குறைவாக எடுப்பதுதான். இதைச் சொல்லப் பேராதனை வரை போயிருக்க வேண்டியதில்லை.

அந்த யாரோ ஒருவரை உங்களுக்கும் தெரியும். ராசிக் முதலாளியின் மகன் சிப்னாஸ். இங்கே நாங்கள் சாமான் வாங்குகிற கடைதான். உங்கள் கம்பனியில் கடைசியாகச் சேர்ந்த துணை விமானி அவன். நீர்கொழும்பில் துஷாந்தோடு ஒரே அறை. பறக்கிற நாளில் விமானத்துச் சாப்பாடு, பறக்காத நாளில் வெறும் பாண் துண்டு. பயணிகள் அவனுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சலாம் போடுகிறார்கள். உங்கள் ஒரே சதவீதம் வந்தால் அவனுக்குப் பாணோடு பருப்பு கிடைக்கும். உங்களுக்கு? அண்ணி காரை மாற்றலாம். அந்தக் கார் பழசாகிவிட்டது என்று போன தைப்பொங்கலுக்கே சொன்னார். பாவம்.

பறவைக் கதை நன்றாக இருந்தது. ஆனால் பறவை அடித்த அன்றைக்குச் சக்கரத்தை இறக்கியதும், கீழே ரேடியோவில் பேசியதும், சரிபார்ப்புப் பட்டியலை உங்களுக்கு வாசித்துக் கொடுத்ததும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன்தான். அவன் எனக்குச் சொல்லவில்லை. இவர் சொன்னார். கெப்டன்மார் கதை சொல்லும்போது விமானத்தில் எப்போதும் ஒரே ஆள்தான் இருக்கிறார் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். ஒரே சதவீதம்தான் நியாயம் என்று சொன்ன எவரும் குறைந்த சம்பளக்காரராக இருந்து நான் பார்த்ததில்லை. சங்கத்தில் நடக்கப்போகிற வாக்கெடுப்பில் மூத்த துணை விமானி முதல் சிப்னாஸ் வரை ஒரே பக்கம் நிற்பார்கள். கெப்டன்மாரை விட அவர்கள்தான் எண்ணிக்கையில் கூட. நீங்கள் தோற்கத்தான் போகிறீர்கள். அதற்கு முன்பாவது இந்தப் பக்கம் வந்து நின்றால் மரியாதையாக இருக்கும்.

சர்மிளா


வத்தளை
14.09.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று நீர்கொழும்பில் வாக்கெடுப்பு முடிந்தது. ஒரே சதவீதம் வென்றது. மாப்பிள்ளை அடுத்த கிழமைதான் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் நீ என்மேல் பாய்ந்துவிடுவாய் என்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

கை தூக்கித்தான் வாக்கு. உன்னுடைய இரட்டைப் பங்குத் திட்டத்துக்கு முதலில் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். ஆமாம், நான்தான். கெப்டன்மாரில் நான் ஒருவன் மட்டும். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சிப்னாஸ் வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் பார்த்தான். தங்கச்சி இவ்வளவு கேட்டாளே என்றுதான் தூக்கினேன்.

மாப்பிள்ளை தூக்கவில்லை. ஒரே சதவீதத்துக்குக் கேட்டபோது தூக்கினார். அவரும் இன்னும் மூன்று மூத்த துணை விமானிகளும். அந்த நாலு கையும் இல்லாவிட்டால் கெப்டன்மார் தோற்றிருப்பார்கள்.

ஏன் என்று அவரையே கேள். ஜனவரியில் அவருக்குக் கெப்டன் பயிற்சி. வெளிநாடு போன நாலு கெப்டன்மாரின் இடத்துக்கு இந்த நாலு பேர். அடுத்த வருசம் அவர் இடது பக்கச் சீட்டில் உட்காருவார். கல்ஃபுக்கும் போகமாட்டார். அந்தப் பெரிய கரண்டி இனி உன் சமையலறையில்தான் தொங்கப்போகிறது. குறைந்த சம்பளக்காரர் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாயே, இப்போது ஒருவரைப் பார்த்துவிட்டாய். உன் வீட்டிலேயே.

எனக்கு எழுதிய கடிதங்களின் பிரதி இருந்தால் அவருக்குக் கொடு. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, போதும். கோபத்தை விட்டுவிட்டு பாப்பாவுக்குக் காது குத்த நாள் பார். தாய்மாமன் மடி இல்லாமல் குத்த முடியாது. அதற்காவது நீ என்னைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். தோடு நான் வாங்கிவிட்டேன். லீவும் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


நோர்வூட்
05.10.2025

கெப்டன் யோகேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேல் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பேன். நான் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று நம்பி, அம்மாவிடம்கூடச் சொன்னேன். அம்மா உங்கள் போட்டோவைத் துடைத்து வைத்தார்.

இவர் வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. "நான் என்ன செய்ய, சர்மி? ஜனவரியிலேருந்து நானும் அந்தப் பக்கந்தானே. நம்ம பங்க நம்மளே கொறச்சுக்கணுமா?" என்றார். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். கெப்டன் பயிற்சி பற்றிக் கம்பனி எப்போது சொன்னது என்று கேட்டேன்.

"கம்பனி இன்னும் லெட்டர் குடுக்கல. ஒங்கண்ணந்தான் சொன்னாரு. ஓட்டுக்கு முந்தின நாள் எங்க நாலு பேரையும் தனியாக் கூப்பிட்டு, கெப்டன் பயிற்சிக்குப் பேர் வந்திருக்கு, நாளைக்கு யோசிச்சுக் கை தூக்குங்கன்னாரு."



நாலு கையை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் தோற்கப்போகிற பக்கத்துக்கு உங்கள் கையைத் தூக்கினீர்கள். சிப்னாஸ் வாயைப் பிளந்தானாம், அதையும் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். காரும் வேண்டும், தங்கச்சி கும்பிடவும் வேண்டும். நேராக உங்கள் பக்கத்துக்கே கை தூக்கியிருந்தால் இன்னும் பத்துக் கடிதம் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்குக்கூட எதிரே ஒரு மனிதர் வேண்டும்.

இவரைப் பற்றி உங்களுக்கு என்ன எழுதுவது? நான்கு பேரில் ஒருவராக விலைபோனார், நீங்கள் சொன்ன விலைக்கு. பெயரை மாற்றிக் கொடுக்கச் சொன்னீர்கள். பழைய கடிதம் எதற்கு? முகத்துக்கு நேராகவே எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் இங்கேயே இருப்பார். வேண்டாம், நீங்கள் கல்ஃப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பாப்பாவுக்கு மறுபடியும் இழுப்பு வந்தது, இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். அதனால் உங்கள் இருவரைப் பார்த்தும் காறித் துப்பிவிட்டுச் சுத்தமாக நிற்க எனக்கு வழி இல்லை. அது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை பாப்பாவுக்குப் பால்மா வாங்கப் போனபோது ராசிக் முதலாளி, "மக, ஒங்க வீட்டுல கெப்டன் ஆவப்போறாராமே, மாஷா அல்லாஹ். நம்ம சிப்னாஸ கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். மகன் வீட்டில் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. பால்மாவை வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது ஹட்டனில் வாங்குகிறோம்.

பாப்பாவுக்கு நேற்றுக் காது குத்தியாகிவிட்டது. ஹட்டனில் ஒரு நகைக்கடையில். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன் யாரும்மா, வந்து மடியில வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். இவர் மடியை ஒதுக்கி உட்காரப் போனார். நான் விடவில்லை. என் மடியில் வைத்துக்கொண்டேன். தாய் மடியில் வைத்துக் குத்துகிற வழக்கம் இல்லையே என்று பத்தர் கொஞ்சம் தயங்கினார். குத்துங்கள் என்றேன்.

தோடு அந்தக் கடையிலேயே எடுத்தோம். ஒரு பொட்டு அளவுதான். நீங்கள் வாங்கியதை உங்கள் மகளுக்குப் போடுங்கள்.

அம்மாவோடு பேச வேண்டுமென்றால் அம்மாவின் போனுக்கு எடுங்கள்.

சர்மிளா துஷாந்த்