விடிந்தால் ஈரம்

சுரங்க முகாமில் இருக்கும் என் அன்புக்கு,

நம் ப்ரோடிக்குப் பனியில் ஹாக்கி ஆட ஸ்கேட் கிடைத்துவிட்டது. ஏரிக்கரை வீட்டு லோரெய்ன் தன் மகனுடையதைக் கொடுத்தாள். "பெருசா இருந்தா சாக்ஸத் திணிச்சு விடும்மா. இந்த ஊர்ல எல்லாப் புள்ளையும் அப்படித்தான் வளந்துச்சு. என் பையனுக்கு இனிமே வேணாம்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பிளேடு தீட்டுகிறவர்தான் முகம் சுளித்தார். "ஏரியோட போன புள்ள காலுக்குப் படிஞ்சதாச்சே."

ராத்திரி துடைத்துக் காயவைக்கிறேன். விடிந்தால் பிளேடில் ஈரமும் ஏரிக் கோரையும். ஏரிப் பனி இளகும் நேரம் இது. ப்ரோடிதான் தூக்கத்தில் எழுந்து போகிறானோ என்று பயந்து, ஸ்கேட்டின் நாடாக்களை இன்று என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

ப்ரோடி என் மடியில் தூங்குகிறான். ஸ்கேட் நாடாவை வாசல் பக்கம் மெல்ல இழுக்கிறது.

முடிச்சை அவிழ்த்துக் கதவைத் திறந்துவிடப் போகிறேன். வரும்போது நம் பிள்ளைக்குப் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வா.

உன்னவள்