உயிர்ப்பாறையும் என் அறிவிப்பும்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

என் கடல்மீன் தொட்டிக்கான பாறை வந்துவிட்டது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ப்புமீன் கடை வைத்திருக்கும் பீர் முகமது தம் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். பெட்டியைத் திறந்த கணத்தில் எழுந்த நாற்றத்தை எழுத்தில் வடிப்பது என் போன்றவளுக்கும் எளிதன்று. அழுகிய முட்டையும், மீன் சந்தையின் சாக்கடையும், பல நாள் துலக்காத வாயும் ஒன்றாய்க் கலந்தாற்போல. 

"பயப்படாதீங்கம்மா. வர்ற வழியில மேல இருக்கிற பாசி, கடற்பஞ்சு எல்லாம் கொஞ்சம் செத்துரும். ஒரு மாசம் தனித் தொட்டியில உப்புத்தண்ணி விட்டு ஊறப் போடுங்க. செத்தது அழுகி முடிஞ்ச பொறவு மிச்சம் நிக்கிதுல்ல, அதான் லைவ் ராக்."

நான் அதை 'உயிர்ப்பாறை' என்றே வழங்குவேன். கடலில் உடைத்ததோ என்று வினவினேன். பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதைப் படித்திருக்கிறேன். "அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? மதுரையில ஒரு டாக்டர் தன்னோட தொட்டியக் கலைச்சாரு. அங்க வாங்குனது," என்றார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனவள் நான். உவர்நீரின் வேதியியலை நூலகத்திலும் கைப்பேசியிலும் இரண்டாண்டுகள் தனியே பயின்றேன். இராஜபாளையத்தில், மலை தெரியும் இந்தக் கூடத்தில், ஒரு பவளத்திட்டு என் கையால் வளரப்போகிறது. கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆவுடை, இத வீட்டுக்குள்ளயா வைக்கப் போற?" என்றார். 

12 பிப்ரவரி

பாறையின் துளையிலிருந்து ஒரு புழு வெளிவந்தது. விரல் நீளம். இரு மருங்கிலும் மயிர். ஒவ்வொரு மயிரும் தனித்தனியே அசைந்தது. காலைச் சிற்றுண்டியைத் தவிர்த்தேன்.

20 பிப்ரவரி

பின்கட்டில் ஊறும் பாறையின் நாற்றம் தெருவரை சென்றுவிட்டது. எதிர்வீட்டு லட்சுமம்மா முந்தானையால் மூக்கை மூடியபடி வாசலில் நின்று தெலுங்கில் யாரிடமோ தொலைபேசினார். பொருள் விளங்கவில்லை, முகம் விளங்கிற்று. எங்கள் தெரு மகளிர் வாட்ஸ்அப் குழுவில் நானே முந்திக்கொண்டு ஒரு விளக்கம் வெளியிட்டேன். குடிநீர் வரும் நேரம் முதல் குப்பை வண்டிவரை அக்குழுவின் அறிவிப்புகளை எழுதுபவள் நான்தான். "உங்க நடை அழகா இருக்கு, ஆனா நாத்தம் போகலையே" என்று ஒருத்தி பதிலிட்டிருக்கிறாள். அற்பம்.

மூக்கை மூடாத ஒரே ஆள் மாரிசெல்வி. ஏழாண்டுகளாக எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவி, வீடு துடைப்பவள். சேத்தூரிலிருந்து பேருந்தில் வந்து இத்தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். அழுக்கு நீரை அவளே இறைத்து ஊற்றினாள். "யக்கா, எங்க வீட்ல எலி செத்தப்பக் கூட இம்புட்டு நாறல. காசு குடுத்து நாத்தத்த வாங்கியிருக்கிய பாருங்க, அது பெருசு!" சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பாறையின் மேல்தோலில் வெண்சளி போல் ஏதோ உரிந்து மிதந்தது. அதையும் வெறுங்கையால் அள்ளிப் போட்டாள்.

9 மார்ச், ஞாயிறு

சோதித்தேன்: அழுகலில் எழும் அம்மோனியாவின் அளவு சுழி! நாற்றம் அடங்கிற்று, மழைக்குப் பிந்தைய கடற்கரையின் மணம் மட்டுமே. பாறையைக் கூடத்துத் தொட்டியில் அடுக்கினேன். விளக்கின் கீழே, செத்ததென்று நினைத்த கல்லில் விசிறி போல் விரியும் சிறு புழுக்கள், பொத்தான் அளவிலான பச்சை மொட்டுகள், நூற்கால்களுடன் ஒளிந்திருக்கும் ஒரு நட்சத்திர உயிர்! ஒரு மாத அருவருப்புக்குக் கிடைத்த கூலி. கணவர்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

தொட்டியில் நீர் நாள்தோறும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும், ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே சேர்த்தல் வேண்டும். அதற்கொரு விதி வகுத்தேன்: வடிகட்டி இயந்திரத்து நீரை இரவு முழுதும் செப்புக் குடத்தில் வைத்துக் காலையில் ஊற்றுவது. நாங்கள் அருந்துவதும் அந்நீரே. நெகிழி வாளியின் நீரை உயிருள்ள இடத்தில் ஊற்ற எனக்கு மனம் ஒப்பாது.

குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டே மாரிசெல்வி சொன்னாள்: "யக்கா, செம்புல மோரு வச்சாலே களிம்பு ஏறி வயித்தப் பொரட்டும். அதுக எம்புட்டுக்காணு உசுரு? பிளாஸ்டிக் வாளியில புடிச்சு ஊத்துனா என்ன?"

மோர் புளிப்பு, இது தூய நீர், இரண்டும் வேறு என்று விளக்கினேன். "படிச்சவிய சொன்னாச் சரி," என்றாள்.

23 மார்ச், ஞாயிறு

இரண்டு கோமாளி மீன்கள், ஆறு நத்தைகள், சிவப்பு முதுகில் வெண்கோடு போட்ட ஓர் இறால். அந்த இறால், மீனின் வாய்க்குள் காலை நுழைத்துப் பல் துலக்கிவிடுகிறது. பார்க்கச் சலிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாத்தனார் இந்து வந்தாள். பால்கோவா ஒட்டிய விரலைக் கண்ணாடியில் அழுத்தி, "மதினி, இதுல கொழம்பு வைக்கிறது எது?" என்றாள். தன் நகைச்சுவையில் தானே மயங்கி அரைமணி நேரம் சிரித்தாள். கண்ணாடியை மூன்று முறை துடைத்தேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

வெயில் கொடிது. நீர் சூடாகாதிருக்கத் தொட்டியின் மேல் சிறு மின்விசிறி பொருத்தினேன். இப்போது நாளொன்றுக்கு ஒரு குடம் முழுவதும் குறைகிறது. ஒரு குடம் ஊற்றுகிறேன்.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. விசிறிப் புழுக்கள் மூன்று நாள்களாக விரியவில்லை. இறால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தொட்டபோது காலொன்று கழன்று வந்தது. வடை சுடவில்லை.

17 ஏப்ரல், வியாழன்

நான்கு நத்தைகள் செத்துவிட்டன. ஓட்டிலிருந்து சதை நழுவித் தொங்குகிறது, நீரெங்கும் சளி. நட்சத்திர உயிர் தன் கால்களைத் தானே உதிர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிப்ரவரி நாற்றம் திரும்பிவிட்டது. உப்பளவு சரி, அம்மோனியா சரி, வெப்பம் சரி. என் கணக்கில் பிழையில்லை. அப்படியானால் யார்?

18 ஏப்ரல், வெள்ளி

கண்டுகொண்டேன். காலையில் கூடத்துக்கு வந்தால், மாரிசெல்வியின் கை முழங்கை வரை தொட்டிக்குள்! பாத்திரம் தேய்த்த சோப்பு நுரை மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

"என்ன செய்கிறாய்?"

"செத்த நத்தையத்தாங்க்கா எடுத்தேன். நீங்க பாத்தா மறுபடி ஒமட்டுவிய..."

"எத்தனை நாளாக இப்படிக் கைவிடுகிறாய்?"

"இன்னைக்குத்தான். சத்தியமா இன்னைக்குத்தான்."

நான் நம்பவில்லை. ஒருமுறை துணிந்த கை பலமுறை துணிந்திருக்கும். இனி வரவேண்டாம் என்றேன். அழுவாள் என்று எண்ணினேன். அழவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாரேன்," என்று மட்டும் சொல்லிப் போனாள்.

குழுவில் அறிவிப்பு வெளியிட்டேன்: 'நம் இல்லங்களின் நம்பிக்கையைப் பெற்றவர்களே நம் கண்மறைவில் இழைக்கும் தீங்கு குறித்து விழிப்போடிருத்தல் அவசியம்' என்று தொடங்கி மூன்று பத்திகள். பெயரையும் குறித்தேன். பதினேழு பேர் கைகூப்பினர். 'அருமையான நடை' என்றார் லட்சுமம்மா.

24 ஏப்ரல்

மற்ற மூன்று வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன. செய்தி அறிந்தபோது எனக்குள் ஒரு நிறைவு. மறைப்பதற்கில்லை, நிறைவுதான். என் எழுத்துக்கு இத்தெருவில் மதிப்பு இருக்கிறது.

கடைசி நத்தையும் செத்தது. சோப்பு போய் ஆறு நாளாயிற்றே?

27 ஏப்ரல், ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன்.

பீர் முகமதுவை வரவழைத்தேன். தொட்டியைச் சுற்றி வந்தார். மீன்கள் மட்டும் நன்றாக நீந்துவதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "மீனு நல்லாருக்கு, எறாலும் நத்தையும் போயிருச்சு. எங்கயாச்சும் செம்பு பட்டுச்சாம்மா? அந்த வயரு, காசு, ஏதாச்சும்?"

"அத்தகைய கவனக்குறைவுகள் என் வீட்டில் நிகழ்வதில்லை."

"சரிம்மா. எதுக்கும் பாத்துருவோம்." சோதனைக் குழாயில் தொட்டி நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். நிறம் மாறச் சற்று நேரமாகும் என்றார். வெயிலில் வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

செப்புக் குடத்திலிருந்து மொண்டு வந்தேன். நானாகவே சொன்னேன், என் வாயால், பெருமையோடு: "இதைத்தான் தொட்டிக்கும் ஊற்றுகிறேன். அத்துணைத் தூய்மை."

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். அடுக்களைக் கதவு வழியே குடம் தெரிந்தது. மேசைமேல் டம்ளரை வைத்துவிட்டார்.

"அம்மா, தெனமுமா ஊத்துனிய?"

"தினமும்."

"மனுசனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எறாலுக்கும் நத்தைக்கும் இது வெசம். தண்ணி ஆவியாப் போயிரும், செம்பு உள்ளயேதான் கெடக்கும். நீங்க மறுநா ஊத்துறது அதுக்கு மேல சேரும்." குழாயைத் தூக்கி நிற அட்டையோடு ஒப்பிட்டுக் காட்டினார். நிறம் மாறியிருந்தது. பாறையும் செம்பை உறிஞ்சியிருக்கும், எத்தனை கழுவினாலும் கசியும், இனி இந்தக் கல்லில் இறால் வாழாது என்றார்.

அவள் சொன்னாள். புளிக்கையோடு உட்கார்ந்து சொன்னாள். சொன்னாளே!

28 ஏப்ரல்

நான் ஒவ்வொரு காலையும் என் கையால், குளித்து, பொட்டிட்டு, நின்று, நிதானமாக நஞ்சு ஊற்றியிருக்கிறேன். சீ.

30 ஏப்ரல்

கணவரிடம் கூறினேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "அந்தப் பிள்ளைக்கு வேலை போச்சே," என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பாறை என்னாவது என்று அவர் கேட்கவில்லை. நானும் இரண்டு நாள்களாக அதை நினைக்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் புலப்படுகிறது.

3 மே, சனி

சேத்தூர் சென்றேன். பேருந்தில் ஒரு சொற்பொழிவே தயாரித்துக்கொண்டு போனேன். மாரிசெல்வி களையெடுப்பு முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் சேறு. ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காருங்க," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"நிகழ்ந்தவற்றை மீளாய்வு செய்ததில்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன சொல்லுதிய? ஒண்ணும் வெளங்கல."

தயாரித்ததை விட்டுவிட்டேன். "செம்புக் குடம்தான் மாரி. நான்தான் கொன்னேன். நீ இல்ல."

"அத அன்னைக்கே சொன்னம்லா."

"சொன்ன."

சேற்றைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். "லட்சுமம்மா வீட்டுச் சாவி எங்கையிலதான் இருக்கும். ஊருக்குப் போனா வீட்டையே எங்கிட்ட விட்டுட்டுப் போவாவ. அவிய என்னைய கேட்டுக்கு வெளிய நிக்க வச்சு, செல்போன நீட்டிப் படிக்கச் சொன்னாவ. எனக்கு அம்புட்டு வேகமா வாசிக்க வராது. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி நானே படிச்சேன், என்னைய நீங்க எழுதுனத."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்லிக் கேட்டேன் என்பது நினைவில்லை. நல்ல தமிழாக இருந்திராது.

"இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் செய்யலன்னு எனக்குத் தெரியும்லா? தெரியாதவிய கிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன். நம்ம வீட்டுக்குத் திரும்பி வருவியா?"

முகத்தைத் துடைத்தாள். "பஸ்ஸு வந்துரும். கெளம்புங்க."

4 மே, ஞாயிறு

காலை முழுவதும் எழுதினேன். முதல் வரைவு: 'சில சூழ்நிலைகளின் எதிர்பாராத சேர்க்கையால் விளைந்த புரிதற்குறை' என்று தொடங்கி நான்கு பத்திகள். செப்பின் வேதியியல் குறித்தே ஒரு பத்தி. உரக்கப் படித்தேன். அழகாகத்தான் இருந்தது. நத்தை ஓட்டிலிருந்து சதை வழியுமே, அதைக் கண்டபோது எழுந்த அதே குமட்டல். கொன்றவளைக் காணவில்லை அதில். எங்கோ ஒரு சூழ்நிலை கொன்றுவிட்டுப் போயிருந்தது.

அழித்தேன். இதை அனுப்பினேன்:

'என் தொட்டியில் இறாலும் நத்தையும் செத்ததற்கு மாரிசெல்வி காரணம் இல்லை. செப்புக் குடத்துத் தண்ணீரை ஊற்றி நான்தான் கொன்றேன். செம்பு ஆகாது என்று அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. ஏப்ரல் 18 அன்று நான் எழுதியது தவறு. உங்கள் வீட்டு வேலையை அவளுக்குத் திரும்பக் கொடுங்கள். ஆவுடையம்மாள்.'

என் வாழ்வில் நான் எழுதிய மிக மோசமான உரைநடை.

5 மே

நேற்று முழுவதும் எவரும் பதிலிடவில்லை. இன்று காலை ஒருத்தி சிரிக்கும் முகம் போட்டிருக்கிறாள். இன்னொருத்தி, 'எல்லாம் தெரிஞ்சவங்க!' இந்து தொலைபேசினாள்: "மதினி, உங்களுக்கு என்ன பைத்தியமா? அவகிட்ட ஒரு சேலையக் குடுத்து விட்டுத் தொலைக்காம, இதப்போயி ஊரு பூராம் பரப்புவாகளா? எங்க அண்ணன் மானம் போச்சு." சேலை! நானும் அதை யோசித்திருந்தேன், சேத்தூர்ப் பேருந்தில், ஒரு நிறுத்தம் வரை.

மாலையில் லட்சுமம்மா தெருவைக் கடந்து வந்தார். வசவுக்கு ஆயத்தமாக நின்றேன். "நாங்களும் செம்புக் குடம்தான் வச்சிருக்கோம். குடிக்கலாமா, கூடாதா?" என்றார். குடிக்கலாம் என்றேன். படியிறங்கியவர் திரும்பினார். "அந்தப் பொண்ணு நம்பர் மாத்திட்டாளா? கூப்பிட்டேன், எடுக்கல."

"களையெடுக்கப் போயிருப்பாள். சாயங்காலம் எடுப்பாள்," என்றேன்.

11 மே, ஞாயிறு

மீன்களைப் பீர் முகமது தம் கடைக்குக் கொண்டுபோனார். பாறையை வெயிலில் காயவைத்துச் சாக்கில் கட்டினேன். எஞ்சியிருந்த மொட்டுகளும் புழுக்களும் அழுகித் தெருவே நாறிற்று. எவரும் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. நானும் விளக்கம் வெளியிடவில்லை. குழுவின் அறிவிப்புகளை இனி வேறொருவர் எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன்.

19 மே, திங்கள்

ஏழு மணிக்கு மாரிசெல்வி பையோடு வந்தாள். எதிர்வீட்டு கேட்டைத் திறந்தாள். சன்னலில் நான் நிற்பதைக் கண்டாள். முகத்தைத் திருப்பவில்லை, கூப்பிடவும் இல்லை. கொலுசுச் சத்தத்தோடு உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் அங்கே பாத்திரங்கள் உருளும் ஓசை கேட்டது. அவள் ஏதோ சொல்ல, லட்சுமம்மா வாய்விட்டுச் சிரித்தார். என்ன சொன்னாள் என்பது இங்கே கேட்கவில்லை.

என் அடுக்களையில் நேற்றைய குழம்புச் சட்டி கழுவாமல் ஊறிக் கிடந்தது. மேலே எண்ணெய்ப் படலம், உப்பிய இரண்டு பருக்கைகள். விரல் பட்டதும் வழவழத்தது. அருவருப்பாகத்தான் இருந்தது. தேய்த்தேன்.