உயிர் போகுது என்றால்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன வாரம் நம் நாட்டுச் சுகாதார அதிகாரி ஒருவர் இங்கே வந்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களை ஊருக்குத் திரும்பச் சொன்னார். யோசிக்கிறேன் என்று மழுப்பிவிட்டேன்.

மறுநாள் வார்டில் ஒரே அமளி. இங்கே வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்த நம்மூர் அம்மா ஒருவர் சிறுநீரகக் கல்லோடு சேர்ந்திருந்தார். அவர் சொன்னதை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்த நர்ஸ், நோயாளி சாகிறார் என்று மணியடித்துவிட்டாள். நாலு பேர் மிஷினோடு ஓடினோம். அவரோ கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வலி உயிர் போகுதுன்னேன். அதுக்கா இத்தன பேரு?"

சிரித்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போயிட்டா நான் யார்கிட்ட சொல்லுவேன், கண்ணு?"

ஷிஃப்ட் முடிந்தும் அவர் பக்கத்திலேயே இருந்தேன். இங்கே என்னை யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

அதிகாரிக்கு ஃபோன் செய்து வருகிறேன் என்றேன்.

"சின்ன ஆஸ்பத்திரிதான் கிடைக்கும், டாக்டர்."

"பரவால்ல சார்."

மாடி அறையை ஒழித்துவையுங்கள். ஞாயிறு கூப்பிடும்போது உடனே வைத்துவிடாமல் கொஞ்சம் பேசுங்கள், எதையாவது.

வார்டில் கூப்பிடுகிறார்கள். வந்ததும் முதலில் உங்கள் முழங்காலைத்தான் பார்ப்பேன். "எனக்கு ஒண்ணுமில்லடி" என்று நீங்கள் ஃபோனில் சொல்வதை இனி நம்புவதாக இல்லை.

உங்கள் மகள்