பெரிய டிஸ்க்கைத் தேர்ந்தெடு

ஜூன் 4

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நான் நலம்தான். வீட்டை விட்டுப் போகும்போது, 'போனில் பேசினால் சண்டை வருகிறது, எதுவானாலும் எழுது' என்று தாளில் எழுதி வைத்தீர்களே, அதனால் எழுதுகிறேன். லேப்டாப் படுத்துவிட்டது. அதன் பேட்டரி செத்தது பழைய கதை. நேற்று ஒயரில் கால் தட்டி அணைந்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கடைக்காரர் என் மொழிபெயர்ப்பை மட்டும் எப்படியோ மீட்டு, நீங்கள் வாங்கித் தந்த பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். செவிலியர் பாடநூல் முழுவதும், இரண்டு வருட உழைப்பு, அதற்குள் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. பென்டிரைவ் லேப்டாப்பிலேயே செருகியிருக்கிறது.

லேப்டாப்பை ஓட்டும் லினக்ஸைப் புதிதாக ஏற்ற வேண்டுமாம். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்க எந்த ஃபைல் சிஸ்டம் என்று கேட்கிறது. கடைக்காரர் பி.டி.ஆர்.எஃப்.எஸ். போடச் சொல்கிறார், புதுசாம். நான் எதைப் போடட்டும்?

நிதானம்

ஜூன் 9

அன்புள்ள நிதானத்துக்கு,

எக்ஸ்ட்4 போடு. கடைக்காரர் சொல்வதும் நல்ல சரக்குதான், ஆனால் உன் கிழட்டுப் பெட்டிக்கு மூச்சு வாங்கும். எக்ஸ்ட்4 பழசு, சுமை குறைவு. செய்யப்போவதை முதலில் குறித்துக்கொண்டுதான் செய்யும். நடுவில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பெரும்பாலும் தானே எழுந்துகொள்ளும். ஒயரில் கால் தட்டுகிற உனக்கு அதுதான் சரி.

திரையில் இரண்டு டிஸ்க் காட்டும். பெரியதைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் கொடு, அதில் உள்ளது மொத்தமும் அழிந்துவிடும். சின்னது பென்டிரைவ், அதைத் தொடாதே. சுலபம்தான், பயப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அவசரம்

ஜூன் 10

நிதானம், நில்! ஒன்றையும் அழுத்தாதே!

பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. உன் லேப்டாப் டிஸ்க் முப்பத்திரண்டு ஜிபி. பென்டிரைவ் அறுபத்துநாலு. பெரியது அதுதான்! அதைப் போய் அழிக்கச் சொல்லியிருக்கிறேன், பாவி. முதலில் பென்டிரைவைப் பிடுங்கு. கடைக்குப் போய் இன்னொரு பிரதி எடு. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கவில்லை. சண்டைக்கு இல்லை, எடும்மா. உன் இரண்டு வருடத்தை நான் தின்றுவிட்டேனா? ஒரு வரி எழுது.

அவசரம்

ஜூன் 17

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

புத்தகம் பிழைத்தது.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது நான் லேப்டாப்பைத் தொடவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேனே. இன்றைக்கு அடித்துச் சொல்வீர்கள், மறுநாள் "இல்ல இல்ல, நான் சொன்னது தப்பு" என்று வந்து நிற்பீர்கள். கடிதத்தில் மட்டும் அந்தக் குணம் போய்விடுமா? பதறாத காரியம் சிதறாது என்று உங்கள் இரண்டாவது கடிதத்துக்குக் காத்திருந்தேன். வந்தது. இன்னொரு பிரதி எடுத்து, பென்டிரைவை அலமாரியில் பூட்டிவிட்டு, எக்ஸ்ட்4 போட்டேன். வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கியும் பார்த்தேன். சமர்த்தாக எழுந்துகொண்டது.

போன் அடித்தபோது எடுக்கத்தான் கை போனது. மறுபடி சண்டையாகிவிடுமோ என்று பயந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போன அந்தத் தாளில், 'இனிமேல் சேர்ந்து இருக்க முடியாது' என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு இரண்டாவது கடிதம் இன்னும் வரவில்லை. தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

நிதானம்