கெசியாவுக்குப் பெரிய வெள்ளியில் பிறந்தநாள்

மார்ச் 2, திங்கள்

டிவி ரிமோட்டில் இரண்டு பொத்தான்களைக் கடித்துப் பிடுங்கிவிட்டாள் கெசியா. ஒன்று வாயிலிருந்து வந்தது. இன்னொன்றைத் தேடி நானும் பக்கத்து வீட்டு மெட்டில்டா அக்காவும் கட்டிலுக்கு அடியில் தவழாத குறை. கடைசியில் அது அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. நாங்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறாள், ராட்சசி. நான் கப்பல் ஏஜென்சி ஆபீசுக்குப் போகிற நேரமெல்லாம் இவளை வைத்துக்கொள்கிற மெட்டில்டா அக்காவுக்குச் சொர்க்கம் நிச்சயம்.

மத்தியானம் நாசரேத்திலிருந்து மாமா ஃபோன். என் கணவர் நேசனின் அப்பா. ஹெட்மாஸ்டராக ரிட்டையர் ஆனவர், இப்போது சபைக் கமிட்டிச் செயலாளர். இன்னும் பெல் அடிப்பதுபோலத்தான் பேசுவார். "பேத்திக்கு மொத பிறந்தநாள் ஏப்ரல் மூணு, பெரிய வெள்ளிலா வருது? லெந்து தவ நாள்ல ஒண்ணும் செய்யக் கூடாது. ஈஸ்டர் முடிஞ்சு, பதினொண்ணாந்தேதி சனிக்கிழம சர்ச் ஹாலச் சொல்லிட்டேன். நம்ம பாஸ்டர் ஐயரும் ஜெபம் பண்ண வாராக."

சொல்லிட்டேன். கேட்கவில்லை, சொல்லிட்டேன்! பெற்றவள் நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன். "சரி மாமா" என்றுதான் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகு அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

நேசன் வந்துவிட்டார். கப்பலில் இன்ஜினியர். பிள்ளைக்கு நாற்பது நாள்கூட ஆகாதபோது போனவர். வாசலில் அவளைவிடப் பெரிய கரடி பொம்மையோடு நின்றார். அவள் கரடியைப் பார்த்துக் கத்தினாள், பிறகு அவரைப் பார்த்து அதைவிட அதிகமாகக் கத்தினாள்.

கொடுமை என்னவென்றால் அவளுக்கு 'ப்பா' தெரியும். என் ஃபோனைத் தடவி "ப்பா" என்பாள். வீடியோவில் வருகிற முகம்தான் ப்பா. எதிரில் நிற்கிற மனிதர் யாரோ. இவர் "நான்தாம்ளா உங்க அப்பா" என்கிறார், அவள் ஃபோனைத் தேடுகிறாள்.

பாவமாகத்தான் இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 6

அவர் கையால் ஊட்டினால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 14, சனி

தொட்டில் ஸ்பிரிங்கைச் சரி பண்ணிவிட்டார். மிக்ஸி, ஃபேன், கேட்டின் கீச்சுச் சத்தம், மெட்டில்டா அக்கா வீட்டு மோட்டார் எல்லாம் சரி. ஸ்பேனரைக் கீழே வைப்பதே இல்லை. பிள்ளையைத் தூக்குங்கள் என்றால் மட்டும், "அழுவா ஜெனி, கொஞ்சம் போகட்டும்" என்கிறார்.

எவ்வளவு போகட்டும்? அழட்டும். என்னிடம் அழாத நாளா? காய்ச்சலில் அழுதாள், பல் முளைக்கும்போது அழுதாள், ஊசி போட்டு வந்து அழுதாள். நான் என்ன ஸ்பேனர் எடுத்தேன்?

மார்ச் 21, சனி

கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பதினொன்றாம் தேதிக்குத் துணி எடுக்கப் போனோம். பிள்ளைக்கு மஞ்சள் கவுன். அதே மஞ்சளில் எனக்குச் சேலை, இவருக்குச் சட்டை என்று எடுத்து வைத்தேன். "எனக்கு வேண்டாம்" என்றார். ஏன், நிறம் பிடிக்கவில்லையா என்று வேறு நிறம் காட்டச் சொன்னேன். கடைப்பெண் ஒரு மேசை நிறைய விரித்துப் போட்டாள். அத்தனைக்கும் வேண்டாம், வேண்டாம்.

பிறகு மெதுவாக, "நாலாந்தேதி கெளம்பணும் ஜெனி" என்றார்.

கப்பல்காரர்கள் ஜனவரியிலேயே கேட்டார்களாம், எப்போது திரும்ப ஏறலாம் என்று. இவர் ஏப்ரல் மூன்றில் பிறந்தநாள் முடிந்துவிடும், நாலிலிருந்து சரி என்று சொல்லியிருக்கிறார். ஹெட்மாஸ்டர் வீட்டுப் பிள்ளை, ஞாயிறு பள்ளி முதல் பரிசுக்காரர், அந்த மூன்று பெரிய வெள்ளியா என்று காலண்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை! லெந்தில் இந்த வீட்டில் ஒரு கேக் துண்டுகூட நறுக்க முடியாது என்பது பிறந்ததிலிருந்து தெரியுமே!

"வந்த அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ."

அதனால் இரண்டு வாரமாக ஃபேனைக் கழற்றி மாட்டியிருக்கிறார். கத்தினேன். கடையிலேயே கத்தினேன். கடைப்பெண் சட்டைகளை மடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். கெசியா மட்டும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

நானே மாமாவைக் கூப்பிட்டேன். நாலாம் தேதிக்கு முன்னால் ஏதாவது ஒரு நாள், வீட்டுக்குள், நாலு பேரோடு வைத்துக்கொள்கிறோம் என்றேன்.

"லெந்து நாள்ல கேக் வெட்டுத குடும்பமா நாம? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அவ அப்பா இல்லாம எப்படி மாமா?"

"அவன் வீடியோல பாத்துக்கிடுவான்."

வீடியோவில். இந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷமாகத் தகப்பன் வீடியோவில்தான் இருக்கிறான். பிறந்தநாளும் வீடியோவில். நாளைக்குக் கல்யாணத்தையும் வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இவர் பக்கத்திலேயே நின்றார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பெரிய இன்ஜினை ஓட்டுகிறவருக்கு அப்பா குரலைக் கேட்டால் மட்டும் பத்து வயதாகிவிடுகிறது.

மார்ச் 24

மெட்டில்டா அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். "எங்களுக்கும் தவக்காலந்தாம்ளா. நாங்களும் ஒண்ணும் வைக்க மாட்டோம்" என்றார். ஆறுதல் சொல்வார் என்று போனேன். எரிச்சலோடு திரும்பி வந்தேன்.

மார்ச் 26, வியாழன்

கிளம்புகிற தேதியைத் தள்ளச் சொல்லி இவர் கப்பல்காரர்களைக் கேட்டுப் பார்த்தாராம். முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நான் அவரிடம் நான்கு நாளாகவே பேசவில்லை. கெசியா வழியாகத்தான் பேச்சு. "ஏளா, உங்க அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு."

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

நாசரேத் போனோம். கெசியா ஓலைச் சிலுவையை மென்று நார் நாராக்கி எனக்கு முன்னால் இருந்தவரின் சேலையில் துப்பினாள். கண்டிக்க மனமில்லை.

ஆராதனை முடிந்ததும் வெளியே பெண்கள் கூட்டம். பெரிய வெள்ளியில் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனைக்குப் பிறகு சபை முழுவதற்கும் கஞ்சி ஊற்றுவார்கள். அரிசியும் பயறும் கொடுத்து, அடுப்பையும் கவனித்துக்கொள்வது வருஷத்துக்கு ஒரு குடும்பம். "இந்த வருஷம் இன்னும் யாரும் பேர் சொல்லலயே" என்று கேட்டார் ஐயரின் மனைவி ஐயரம்மா.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "நாங்க குடுக்கோம். எங்க கெசியா பேருல. அன்னைக்குத்தான் அவளுக்கு ஒரு வயசு முடியுது."

கமிட்டி ஆட்களோடு நின்ற மாமா திரும்பினார். முகம் சுண்டிவிட்டது. கேக் இல்லை, பலூன் இல்லை, புதுத்துணி இல்லை. வெறும் கஞ்சி. எந்தச் சட்டத்தைக் காட்டி வேண்டாம் என்பார்? ஐயரம்மா, "ஸ்தோத்திரம்! நல்ல காரியம்" என்று கெசியாவின் தலையில் கை வைத்து ஜெபமே தொடங்கிவிட்டார். மாமாவும் கண்ணை மூடத்தான் வேண்டியிருந்தது.

பஸ்ஸில் இவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "அடுப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ம் என்றேன். அவ்வளவுதான்.

மார்ச் 30

மாமா ஃபோன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"பதினொண்ணாந்தேதிக்கு நீங்க கேட்டீங்களா மாமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்குள் கிடந்த கேள்வி. கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

நாசரேத் வீட்டில் இருந்து எழுதுகிறேன். கெசியாவுக்கு இன்று ஒரு வயது.

வெள்ளைக் கவுன், பழையது. மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தைப் பிரசங்கம்வரை சமாளித்தாள். இரண்டாவதில் பெஞ்சில் ஏறினாள். மூன்றாவதில் அவள் போட்ட கூப்பாட்டில் ஐயரே நிறுத்திவிட்டார். மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் நானே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஹாலுக்குப் பின்னால் கொட்டகையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இவர் தலையில் ஈரத்துண்டு, முழங்கைவரை கரி, கையில் துடுப்பு. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஸ்பேனர் இல்லாமல் நான் இவரைப் பார்த்தது இந்த ஒரு மாதத்தில் இன்றுதான். கெசியா அழுகையை நிறுத்தினாள். புகையைப் பார்த்தாள், துடுப்பைப் பார்த்தாள். "ஆ" என்று கையை நீட்டினாள்.

இவர் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, ஊதி, ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, கரண்டியை நீட்டினார்.

வாயைத் திறந்தாள்.

இன்னொரு கரண்டி. இன்னொன்று. பிறகு என் இடுப்பிலிருந்து அவர் பக்கம் சாய்ந்தாள். அவர் தூக்கிக்கொண்டார். வெள்ளைக் கவுன் முழுக்கக் கரி. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவர் அழுதார். புகை என்றார்.

ஆராதனை முடிந்து கூட்டம் வந்தது. பரிமாறுகிற வரிசையில் மாமா முதல் ஆளாக நின்றார். கஞ்சி யார் கொடுத்தது என்று யாரோ கேட்டதற்கு, நெஞ்சை நிமிர்த்தி, "எங்க வீட்லதான். பேத்திக்குப் பிறந்தநாள்லா" என்கிறார். எரிச்சலில் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 4

போய்விட்டார். கோபம் தீர்ந்ததா என்று வாசலில் கேட்டார். இல்லை என்றேன். உண்மை அது.

ஏப்ரல் 11, சனி

ஹால் நிறையக் கூட்டம், பலூன், மஞ்சள் கவுன். ஐயர் ஜெபம் பண்ணினார். கேக்கை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சரியாக அந்த நேரம் மாமா ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் நேசன். "பாருளா, யாரு? ப்பா சொல்லு, ப்பா சொல்லு" என்று ஹாலே சொல்லிக் கொடுத்தது.

ஃபோனைப் பார்த்தாள். வழக்கம்போலத் தடவவில்லை. கையால் தட்டிவிட்டாள். என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, கூட்டத்தின் கால்களுக்கு இடையே தவழ்ந்து பின்கதவுக்குப் போனாள். அங்கே கொட்டகை காலியாகக் கிடந்தது. அடுப்புக் கற்கள் மட்டும் இருந்தன. படியில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்து, "ப்பா" என்று கூப்பிட்டாள்.

மறுபடி கூப்பிட்டாள். பிறகு கோபம் வந்து கத்தத் தொடங்கினாள்.

எனக்குப் பின்னால் வந்த மாமா ஃபோனை நீட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.